ஆபீஸ் லேப்டாப்பில் அத்தையின் வாய்

நீலசந்திரா, பெங்களூர்
21-1-2001, ஞாயிறு

அன்புள்ள மாமா,

இந்தக் கடுதாசியை நின்னுக்கிட்டு படிக்காதீங்க. உக்காந்து படிங்க.

அத்தை தொண்டையிலிருந்து சதை எடுத்து பரிசோதனைக்கு அனுப்பியிருக்காங்கன்னு போன தடவை எழுதினேனே, ரிசல்ட் வந்துடுச்சு. கேன்சர்தான். குரல் பெட்டியையே எடுக்கணுமாம். எடுத்துட்டா பொழச்சுக்குவாங்கன்னு டாக்டர் அடிச்சு சொல்றார். எடுக்கலைன்னா இந்த வருஷம் ஆயுத பூஜையைப் பார்க்கறது கஷ்டமாம். ஆனா எடுத்தா அப்புறம் பேச்சே வராது. கழுத்துல ஒரு ஓட்டை வச்சிடுவாங்க, மூச்சு அது வழியாத்தான் போகும் வரும்.

உங்கம்மாவுக்கு, நம்ம அத்தைக்கு, மாமா! ‘சொப்போ சொப்பு’ன்னு கீரைக் கூடையோட ஆஸ்டின் டவுன் முனையில ஒரு குரல் குடுத்தா மூணாவது மாடியில கதவு தொறக்குமே, அந்த அத்தைக்கு. கல்யாணமாகி எட்டு வருஷமா என்னை வாங்கு வாங்குன்னு வாங்கற வாய் அது. எப்படா மூடும்னு நான் வேண்டிக்காத நாள் கிடையாது, உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. ஆனா டாக்டர் சொன்னதும் ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னு தேம்பித் தேம்பி அழுதுட்டேன். அத்தை பெஞ்சுல உக்காந்துக்கிட்டு, “டோக்கன் நம்பர் கூப்புடறான், அங்க நின்னு இன்னாடி சினிமா பாக்கறே?”ன்னு கத்தினாங்க. வராண்டாவே திரும்பிப் பார்த்துச்சு.

அவங்களுக்கு இன்னும் சொல்லலை. சதை வளர்ந்திருக்குன்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன். ரெண்டு மாசத்துக்குள்ள ஆபரேஷன் ஆகணும். என்ன செய்யலாம்னு சீக்கிரம் எழுதுங்க.

இன்னொரு சமாச்சாரம். எங்க ஆபீஸ்ல பழைய லேப்டாப் அஞ்சை ஒதுக்கிட்டாங்க. ஸ்டாஃப் பேரெல்லாம் சீட்டு எழுதிக் குலுக்கினதுல என் பேர் வந்துடுச்சு. முப்பத்தெட்டு பேர்ல எனக்கு! மேனேஜருக்கே கிடைக்கல. பேட்டரி செத்துப் போச்சு, எப்பவும் பிளக்குல சொருகியே வைக்கணும். மூடியை நிமித்தினா தானா சாயுது, பின்னால அரிசி டப்பாவை முட்டுக் குடுத்திருக்கேன். சிஸ்டம்ஸ்ல இருக்கற சுதீர், கம்பெனி சமாச்சாரம் எல்லாத்தையும் துடைச்சு, புதுசா எல்லாம் போட்டுக் குடுத்தான். ரிசப்ஷன்லயே காலத்தை ஓட்டாம அக்கவுண்ட்ஸ் வேலை கத்துக்கலாம்னுதான் ஆசையா தூக்கிட்டு வந்தேன். வந்த அன்னைக்கே அத்தை அதுக்கு மஞ்சள் குங்குமம் வச்சுட்டாங்க.

உங்க
சுனிதா

*

ரூவி, மஸ்கட்
30-1-2001

சுனிதாவுக்கு,

உக்காந்துதான் படிச்சேன். எழுந்திருக்க ஒரு மணி நேரமாச்சு. ரூம்ல இருக்கற டென்சில் டீ போட்டுக் குடுத்தான், அது அப்படியே ஆறிப்போச்சு.

அம்மாகிட்ட சொல்லாதே. இது உத்தரவுன்னே வச்சுக்கோ. சதை வளர்ச்சி, சின்ன ஆபரேஷன், ரெண்டு நாள்ல வீடுன்னு சொல்லி கூட்டிட்டுப் போயிடு. முழிச்சுப் பார்த்த அப்புறம் தெரிஞ்சுக்கட்டும். முன்னாடியே தெரிஞ்சா அவ டேபிள்ல படுக்கவே மாட்டா. எங்கம்மாவை எனக்குத் தெரியும். பேசாம இருன்னா சோறு வேணாம்னு எழுந்து போற ஜாதி அவ.

லீவு ஜூன் மாசத்துக்கு முன்னாடி இல்லை. எங்க முதலாளி அரபாப் கால்ல விழாத குறையா கேட்டுட்டேன். ஏசி சீசன் ஆரம்பிக்குது, ஒருத்தனையும் விட மாட்டேன்றான்.

வீட்ல இவ்வளவு பெரிய இடி விழுந்திருக்கு, நீ சீட்டுல லேப்டாப் விழுந்த கதையை அதே கடுதாசியில எழுதறே. உன் மனசு எனக்குப் புரியவே இல்லை. நாங்க இங்க பழைய ஏசியைக் கழட்டிப் போடறோமே, எவனாவது வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறானா? ஆபீஸ்காரன் வேணாம்னு தள்ளின குப்பை அது. வர்ற விலைக்குத் தள்ளிட்டு அம்மாவைக் கவனி.

உமேஷ்

*

நீலசந்திரா
11-2-2001, ஞாயிறு

அன்புள்ள மாமா,

திட்டறதா இருந்தா மொத்தமா திட்டிடுங்க, ஏன்னா நீங்க எழுதினதுல ஒண்ணைக்கூட நான் செய்யலை. அத்தைகிட்ட சொல்லிட்டேன். லேப்டாப்பையும் விக்கலை.

ஏன் சொன்னேன்னா, ஒரு பொம்பளை தூங்கி எழுந்து வாயைத் தொறந்து ‘சுனிதா’ன்னு கூப்பிடப் பார்த்து, சத்தம் வராம என் மூஞ்சியப் பார்த்தா, நான் எங்க போய் ஒளிஞ்சுக்கறது? ஆஸ்பத்திரியில பக்கத்துல இருக்கப்போறது நான். நீங்க மஸ்கட்ல இருக்கீங்க.

கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க. சொன்னேன். கை நிக்கவே இல்லை, மொத்த கட்டையும் ஆய்ஞ்சு முடிச்சாங்க. அப்புறம், “முடியாதுன்னு சொல்லிடு உங்க டாக்டர்கிட்ட”ன்னாங்க. “சத்தம் போடாம கீரை விக்கச் சொல்றானா? சத்தம் போடாம உங்கூட குடும்பம் நடத்தச் சொல்றானா? ஊமையா பத்து வருஷம் இருக்கறதுக்கு வாயோட பத்து மாசம் இருந்துட்டுப் போறேன்.” அவ்வளவுதான். நானும் கெஞ்சினேன், சண்டை போட்டேன், உங்க பேரைச் சொல்லிப் பார்த்தேன். ஆறு நாள் இதே பாட்டு. டாக்டர்கிட்ட நானே போய் நின்னா, “ஒப்புதல் பேஷண்ட் குடுக்கணும்மா”ன்னுட்டார்.

போன புதன்கிழமை காலையில நடந்ததை எழுதறேன். லேப்டாப்புல குரலைப் பதிவு பண்ற ஒண்ணு இருக்குன்னு சுதீர் காட்டியிருந்தான். பேசினா பச்சைக் கோடு ஒண்ணு நெளியும். நான் அதைத் தொறந்து வச்சு ‘ஹலோ ஹலோ’ன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன், அடுப்புல பால் பொங்கிடுச்சு. அத்தை ஆரம்பிச்சுட்டாங்க. நான் ஓடிப்போய் அடுப்பைத் துடைச்சுட்டு வந்து பார்த்தா, அது பாட்டுக்கு எல்லாத்தையும் பிடிச்சு வச்சிருக்கு. போட்டுக் காட்டினேன்.

அத்தை திகைச்சுப் போயிட்டாங்க. “யாருடி இவ, இந்த ஆங்காரம் போடறா?”

“நீங்கதான் அத்தை.”

“நானா? நான் இப்படியா பேசறேன்?”

“தினம் இப்படித்தான்.”

இன்னொரு தரம் போடச் சொன்னாங்க. மூணாவது தரம் கேட்டுட்டு முந்தானையை வாயில வச்சு சிரிச்சாங்க. “நல்லாத்தான்டி திட்டியிருக்கேன். ‘பால் பொங்கறது தெரியாம பொட்டியில மூஞ்சி பாக்கறவளுக்கு மாமியார் ஒரு கேடா’ன்னு. நல்லா வந்திருக்கு.” அவங்க மூஞ்சியில ஒரு பெருமை, பார்த்திருக்கணும் நீங்க! ஐம்பத்துநாலு வயசுல மொத தடவையா தன் குரலைத் தானே கேக்கறாங்க.

அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. நிஜமா அதுக்கு முன்னாடி தோணலை. “அத்தை, ஆபரேஷனுக்கு முன்னாடி நீங்க பேசறதையெல்லாம் இதுல போட்டு வச்சுட்டா, அப்புறம் வேண்டியதை நீங்களே எடுத்துப் பேசிக்கலாமே”ன்னேன். கூடையைத் தூக்கிட்டு வியாபாரத்துக்குப் போயிட்டாங்க. மத்தியானம் திரும்பி வந்து கூடையை இறக்கினதும் கேட்டாங்க: “எனக்கு எழுத்து தெரியாதே, எது எந்தப் பேச்சுன்னு எப்படிடி கண்டுபுடிப்பேன்?”

மாமா, அந்தக் கேள்வியிலயே பாதி சம்மதம் வந்துடுச்சு. அன்னைக்கு நான் சாமி படத்துக்கு நேரா விழுந்து கும்பிட்டேன்.

சுனிதா

*

ரூவி, மஸ்கட்
20-2-2001

சுனிதாவுக்கு,

யாரைக் கேட்டு சொன்னேன்னு கோவமா நாலு பக்கம் எழுதினேன். டென்சில் வாங்கிப் படிச்சுட்டு, “இதை அனுப்பினா நீ மனுஷனே இல்லை”ன்னு கிழிச்சுட்டான். சரி, நீ சொன்னதுதான் சரி. பக்கத்துல இருக்கறவதான் முடிவு பண்ணணும். ஒத்துக்கறேன்.

ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அந்தப் பெட்டி சமாச்சாரம் எனக்குப் பிடிக்கலை. டென்சிலோட அப்பா பேசின கேசட் ஒண்ணு அவன்கிட்ட இருக்கு. அவர் போய் ஏழு வருஷமாச்சு. கிறிஸ்துமஸ் அன்னைக்கு போட்டுக் கேட்டுட்டு ரெண்டு நாள் யாரோடயும் பேச மாட்டான். உசிரோட இருக்கறவ குரலைப் பெட்டியில எடுத்து வைக்கறது எனக்கு என்னமோ படத்துக்கு மாலை போடற மாதிரி இருக்கு. அம்மா அதுக்காக ஒத்துக்கறான்னா பண்ணு, நான் தடுக்கலை. எனக்காக மட்டும் அதுல எதையும் பேச வைக்காதே. என்னைக் கூப்பிடற மாதிரி, சாப்டியான்னு கேக்கற மாதிரி, ஒண்ணும் வேணாம். என்னால கேக்க முடியாது.

போன் ஏன் பண்ணலைன்னு அம்மா கேக்கறாளா? வேலைன்னு சொல்லி வை.

உமேஷ்

*

நீலசந்திரா
4-3-2001, ஞாயிறு

அன்புள்ள மாமா,

அத்தை ஒப்புதல் ஃபாரத்துல கைநாட்டு வச்சுட்டாங்க! மார்ச் 17 அட்மிட், 19 திங்கட்கிழமை ஆபரேஷன்.

இப்ப எங்க வீட்ல நடக்கற கூத்தைக் கேளுங்க. காலையில எழுந்ததும் அத்தை குரல் தெளிவா இருக்கு, எட்டு மணிக்கு மேல கரகரன்னு தேஞ்சுடுது. அதனால ஆறு மணிக்கே பல் தேய்ச்சு, வெந்நீர் குடிச்சுட்டு, லேப்டாப் முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்துடறாங்க. அது ஒரு நிமிஷத்துக்கு மேல பதிவு பண்ணாது, தானா நின்னுடும். மொத நாள் நல்ல வேகத்துல போய்க்கிட்டு இருந்தப்ப டக்குன்னு நின்னுடுச்சு. “நான் பேசறப்ப நடுவுல நிறுத்தறதுக்கு இவன் யாரு? உங்க மாமனாரே நிறுத்தினதில்ல!”ன்னு அதையே திட்டினாங்க. இப்ப பழகிட்டாங்க. சுருக்கமா, சுருக்குன்னு திட்டறாங்க. முன்னைக்கு இதுதான் அதிகமா வலிக்குது எனக்கு.

நான் ஒரு நோட்டுல லிஸ்ட் எழுதி வச்சிருந்தேன். தண்ணி வேணும், படுக்கணும், ஜன்னலைத் தொற, மாத்திரை குடு, இப்படி. அத்தை படிக்கச் சொல்லி கேட்டுட்டு சொன்னாங்க: “தண்ணி வேணும்னா கையைக் காட்டினா குடுக்க மாட்டியா? அதுக்கெல்லாம் கை போதும்டி. கையைக் காட்டி ஒருத்தரைத் திட்ட முடியுமா? கிண்டல் பண்ண முடியுமா? கதை சொல்ல முடியுமா? வாய் வேணும்ங்கறதே அதுக்குத்தான்.”

நான் நோட்டை மூடிட்டேன். பி.யு.சி. படிச்ச எனக்கு இது தோணலையே. நோயாளி என்ன பேசுவான்னு நான் லிஸ்ட் போட்டேன், அவங்க தன் பேரைச் சொல்லி, குட்டியம்மா என்ன பேசுவான்னு லிஸ்ட் போட்டாங்க. தண்ணி லாரிக்காரனுக்குத் தனியா அஞ்சு. வீட்டு ஓனர் மேல் மாடியிலிருந்து துணி ஒதறினா ரெண்டு. எனக்கு முப்பத்தொண்ணு! “உனக்கு இது பத்துமா, இன்னும் வேணுமா?”ன்னு வேற கேக்கறாங்க. நேத்து அதுல ஒண்ணு, “நேத்து வச்ச ரசம் நல்லா இருந்துச்சு”ன்னு. எட்டு வருஷத்துல நான் கேட்டிராத வார்த்தை. “எதுக்கு அத்தை இது?”ன்னேன். “எப்பனா ஒரு நாள் நல்லா வச்சிட்டேன்னா அப்ப நான் எங்க போவேன்?”ன்னாங்க. எனக்கு சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துச்சு.

எழுத்து தெரியாததுக்கு வழி கண்டுபிடிச்சாச்சு. படம் வரையற ஒண்ணு அதுலயே இருக்கு, அதுல சின்னச் சின்னதா நானே வரைஞ்சேன். துடைப்பம் வரைஞ்சிருந்தா எனக்கான திட்டு. லாரி வரைஞ்சிருந்தா தண்ணி லாரி. சட்டி, தலைகாணி, குடை, கீரைக்கட்டு. என் மாடு நாய் மாதிரி இருக்குன்னு அத்தை கேலி பண்றாங்க. சுதீர் ஆபீஸ்ல கிடந்த பழைய மவுஸ் ஒண்ணு குடுத்தான். கீரைக்கட்டு கட்டற கையில்லையா, ரெண்டே நாள்ல பிடிச்சுக்கிட்டாங்க. ஆபீஸ்ல நாலு வருஷம் இதை வச்சிருந்தவர் என்ன வேலை பார்த்தாரோ, இவ்வளவு வேலையை இதுகிட்ட வாங்கியிருக்க மாட்டார்.

உங்களுக்காக ஒண்ணும் பேச வைக்காதேன்னு எழுதியிருந்தீங்க. அத்தைகிட்ட சொன்னேன். “அவன் யாரு எனக்கு சொல்றதுக்கு?”ன்னுட்டு ஒரு காலை பூரா உங்களுக்கே பேசினாங்க. என்ன பேசினாங்கன்னு நான் எழுத மாட்டேன்.

மார்ச் 16 வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு டொமினிக்கோட டெலிபோன் பூத்துல இருப்போம். உங்களுக்கு லீவு நாள்தானே. போன் பண்ணுங்க மாமா. பெட்டியில வச்ச குரல் இல்லை இது, நிஜக் குரல். மறந்துடாதீங்க.

சுனிதா

*

நீலசந்திரா
8-4-2001, ஞாயிறு

மாமா,

ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது. ஆபீஸ் போன்ல நீங்க ரெண்டு நிமிஷம் பேசினப்ப சொன்னேன், மறுபடியும் எழுதறேன். கட்டி முழுசா வந்துடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். மூக்கு வழியா போட்ட குழாயை எடுத்தாச்சு. போன செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தோம். கஞ்சி குடிக்கறாங்க.

அந்த வெள்ளிக்கிழமை ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் பூத்துல உக்காந்திருந்தோம். போன் அடிக்கறப்பல்லாம் அத்தை புடவையை சரி பண்ணிக்கிட்டாங்க. எல்லாம் வேற யாருக்கோ வந்த போன். டொமினிக்குக்கே கஷ்டமாப் போய் எங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தார். திரும்பி வர்றப்ப அத்தை, “லைன் கிடைச்சிருக்காது”ன்னாங்க. நானும் அப்படித்தான்னேன். ரெண்டு பேரும் பொய் சொன்னோம். இதை நான் மன்னிக்கறதா இல்லையான்னு இன்னும் முடிவு பண்ணலை.

மறுநாள் அட்மிட் ஆகறப்ப, “பொட்டியையும் எடுத்துக்கோ”ன்னாங்க. பெட்ஷீட்டுல சுத்தி எடுத்துட்டுப் போனேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும். பெட்ல உக்காந்திருந்தவங்க திடீர்னு தலையில கையை வச்சுக்கிட்டாங்க.

“அய்யோ, கன்னடத்துல ஒண்ணுமே பேசலையேடி!”

நெஜம்தான் மாமா! ஒரு மாசமா உக்காந்து நூத்திப் பத்து பேச்சு பதிவு பண்ணியிருக்கோம், எல்லாம் தமிழ்ல. வாசலுக்கு வெளிய கால் வச்சா அத்தை பேசறது பூரா கன்னடம். ஆஸ்டின் டவுன்ல அத்தனை வீடும் கன்னடம். வீட்டுக்குள்ள உக்காந்து பதிவு பண்ணதால வீட்டுப் பேச்சு மட்டும்தான் ஞாபகம் வந்திருக்கு, ரெண்டு பேருக்கும். பாதி நாக்கை வெளியிலயே விட்டுட்டு வந்திருக்கோம்!

மறுநாள் காலையில ஏழரைக்கு ஆபரேஷன் தியேட்டர். ஃபேனுக்கு இருந்த பிளக்கைப் பிடுங்கி லேப்டாப்பை சொருகினேன். நர்ஸ் சத்தம் போட்டுக்கிட்டு வந்தாங்க. என்னன்னு சொன்னேன். வார்டு கதவைச் சாத்திட்டு அவங்களும் வந்து நின்னுட்டாங்க. சாயங்காலம்னா அத்தை குரல் தேஞ்சுடும் இல்லையா, அன்னைக்கு எங்கிருந்து வந்துச்சோ தெரியலை. ‘ஏனம்மா சென்னாகித்தீரா’, ‘நாளெ பர்த்தீனி’, ‘முட்டி நோடி, இவத்து கித்தித்து’ன்னு நலம் விசாரிக்கறதும், நாளைக்கு வர்றேங்கறதும், தொட்டுப் பாருங்க இன்னைக்குப் பறிச்சதுங்கறதும் கடகடன்னு பேசறாங்க. பக்கத்து பெட் அம்மா துமகூர்க்காரங்க, “ஹாலு அங்கடியவனிகெ ஏனாதரு ஹேளு”ன்னு எடுத்துக் குடுக்கறாங்க. பால்காரனை என்ன கேக்கறதுன்னு எல்லா பெட்லேருந்தும் யோசனை வருது.

கடைசியா அத்தை எழுந்து நின்னாங்க. நிக்காம அது வராதாம். இடுப்புல கையை வச்சு, ‘சொப்போ... மெந்தெ சொப்பு, சப்ஸிகெ சொப்பு, தண்டின சொப்போ’ன்னு ஒரு குரல் குடுத்தாங்க பாருங்க! வராண்டாவுல போற ஆளுங்க நின்னுட்டாங்க. கீழ் மாடியிலிருந்து வாட்ச்மேன் ஓடி வந்தான், யாருடா கீரை விக்க உள்ள விட்டதுன்னு. நர்ஸ் கண்ணைத் துடைச்சுக்கிட்டே அவனை விரட்டினாங்க. நான் பதிவு ஆயிருக்கான்னு நாலு தடவை பார்த்தேன்.

மாமா, எங்கம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்க, தைரியம்னா என்னன்னு யாரும் எனக்குக் காட்டினதில்ல. அன்னைக்கு அந்த வார்டுல பார்த்தேன். காலையில போகப்போற ஒண்ணை சாயங்காலம் அத்தனை பேருக்கு முன்னாடி அவ்வளவு சந்தோஷமா செலவு பண்ண என்னால முடியாது.

இப்ப வீட்ல லேப்டாப் அவங்க பக்கத்துலயே இருக்கு. நான் சாயங்காலம் ஆபீஸ்லேருந்து வந்து செருப்பு கழட்டறதுக்குள்ள துடைப்பத்தை அமுக்கிடறாங்க. ‘இப்பத்தான் வர்றியா, ஊரு பூரா அளந்துட்டு?’ அதைக் கேட்டாத்தான் எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு. முந்தாநேத்து ஆஸ்டின் டவுன் அம்மா ஒருத்தர் பார்க்க வந்தாங்க, ‘நாளெ பர்த்தீனி’யைப் போட்டுக் காட்டி ஆளையே ஆடவச்சுட்டாங்க. ரசத்தை மட்டும் இன்னும் ஒரு நாளும் அமுக்கலை.

நான் கோவமா இருக்கேன், ஆனாலும் இதைக் கேட்டுக்கோங்க. ஏப்ரல் 20 வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு லேப்டாப்பை ஆட்டோவுல வச்சு டொமினிக் பூத்துக்கு எடுத்துட்டுப் போறோம். பிளக் பாயிண்ட் தர்றேன்னு சொல்லியிருக்கார். அத்தைதான் போகணும்னு சைகை காட்டினாங்க. இந்தத் தடவையும் லைன் கிடைக்கலைன்னா அந்தப் பொய்யை நான் ஒருத்தியாத்தான் சொல்லணும்.

சுனிதா

*

ரூவி, மஸ்கட்
21-4-2001

என் சுனிதாவுக்கு,

நேத்து போனை வச்சதிலிருந்து எழுதணும் எழுதணும்னு இருந்தேன். காலையில வேலைக்குப் போய் ஒரு கம்ப்ரெஸரைத் தலைகீழா மாட்டிட்டு வந்திருக்கேன்.

முதல்ல அந்த மார்ச் மாசத்து வெள்ளிக்கிழமை. லைன் கிடைக்காம இல்லை. ரூவி பூத்துல முக்கால் மணி நேரம் வரிசையில நின்னேன். என் முறை வந்தப்ப பின்னால நின்னவனுக்கு வழி விட்டேன். அப்புறம் அவனுக்குப் பின்னால நின்னவனுக்கு. அப்புறம் ரூமுக்கு வந்துட்டேன். இதுதான் கடைசின்னு தெரிஞ்சுக்கிட்டு எங்கம்மா குரலைக் கேக்கற தைரியம் எனக்கு இல்லை. கோழைன்னு சொல்லு, வாங்கிக்கறேன். நீங்க ரெண்டு பேரும் அங்க டீ குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்ததைப் படிச்சு செத்துப் பொழச்சேன். நீ மன்னிக்கலைன்னாலும் நான் உன்னை ஒண்ணும் சொல்ல முடியாது.

நேத்தும் ரிசீவரைத் திருப்பி வைக்கப் போனேன். டென்சில்தான் நம்பரை அடிச்சான்.

நீ “அத்தைகிட்ட குடுக்கறேன்”ன்னே. நான் “அம்மா”ன்னேன். “இன்னாடா, ஒட்டகம் துன்னுட்டுப் போச்சா உன்னை? ஒரு போன் இல்ல, ஒண்ணு இல்ல”ன்னா. அச்சு அசல் எங்கம்மா! படத்துக்கு மாலை அது இதுன்னு எழுதினேனே, எனக்கு அதெல்லாம் எங்க போச்சோ தெரியலை. “வேலைம்மா”ன்னேன். “வேலை வேலைன்னு சொல்லி தலை சொட்டையாப் போவுது”ன்னா. “உனக்கு யார் சொன்னது?”ன்னேன். “போட்டோவைப் பார்த்தேன்டா”ன்னா. எப்படி சுனிதா? நான் என்ன கேப்பேன்னு ஒரு மாசம் முன்னாடியே அவளுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு நிமிஷம் நாங்க சண்டை போட்டோம். நான் சத்தம் போட்டு சிரிச்சேன், பூத்துல இருந்தவன் எல்லாம் என்னையே பார்த்தான். ஆபரேஷன் ஆனதையே மறந்துட்டேன், சத்தியமா.

அந்த மறதியிலதான் வாய் தவறி கேட்டேன். “தியேட்டருக்குள்ள கூட்டிட்டுப் போறப்ப பயந்துட்டியாம்மா?”

பதில் வரலை. அதுக்கு நீ படம் போடலை. போட்டிருக்கவும் முடியாது, போகாத இடத்தைப் பத்தி எப்படி முன்னாடியே பேசி வைப்பா? மவுஸ் டக்கு டக்குன்னு நகர்ற சத்தம் கேட்டுச்சு. தேடறான்னு புரிஞ்சுது. நான் ஏன்டா கேட்டேன்னு ஆயிடுச்சு. “வேணாம்மா, விடு, விடு”ன்னேன்.

அப்புறம் அந்த சத்தமும் நின்னுபோச்சு. லைன் கட்டாயிடுச்சுன்னு நெனச்சேன். அப்பத்தான் அது கேட்டுச்சு. ஸ்ஸ்ஸுன்னு காத்து. உள்ள போச்சு, வெளிய வந்துச்சு. கொஞ்சம் கொரகொரன்னு. ரிசீவரைக் கழுத்துகிட்ட கொண்டு போனது நீயா, அவளேவா? அவளேதான்னு நான் நெனச்சுக்கறேன், இல்லைன்னா எழுதாதே.

அவ எனக்குப் பேசினதெல்லாம் மார்ச் மாசத்துப் பேச்சு. இந்த மூச்சு நேத்து வெள்ளிக்கிழமை மூச்சு. நான் அழுதேன், அவளும் அழுதான்னு நெனைக்கறேன், ஏன்னா மூச்சு வேகமா வந்துச்சு. கார்டுல இருந்த காசு தீர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே நின்னேன்.

நான் தள்ளிடுன்னு சொன்ன குப்பையைக் காட்டி நீ எங்கம்மாவை அந்த டேபிள்ல படுக்க வச்சே. பெத்த பிள்ளை வரிசையில நின்னு ஓடிப்போனான், எட்டு வருஷம் திட்டு வாங்கினவ பிளக்கைப் பிடுங்கி சொருகிட்டு நின்னே. எங்கம்மாவுக்கு இருக்கற தைரியத்துல உனக்குப் பாதிகூட இல்லைன்னு நீ நெனச்சுக்கிட்டு இருக்கே. எனக்கு அப்படித் தெரியலை. உன்னை மாதிரி ஒருத்தி எனக்கு எப்படிக் கிடைச்சான்னு டென்சிலைக் கேட்டேன், அவனுக்கும் தெரியலையாம்.

ஜூன் 8 டிக்கெட் போட்டுட்டேன். அரபாப் கத்தினான், கத்தட்டும்.

அதுவரைக்கும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நான் போன் பண்றேன், இனிமே யாருக்கும் வழி விட மாட்டேன். அம்மாகிட்ட சொல்லு: முதல்ல அந்த மூச்சைக் கேக்க வைக்கணும். திட்டெல்லாம் அப்புறம்.

உமேஷ்